நிறத்தின் எல்லை எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் டர்போ சி-யைக் கொண்டு கிராபிக்ஸ் பாடம் பயின்ற மாணாக்கர்களுக்கு, இனிட்கிராஃப் என்ற அந்த ஒற்றை வரியை எழுதி, திரை கறுத்து, அதன் நடுவே ஒரு வட்டமோ கோடோ தோன்றிய மறுகணமே மனத்தில் எழுந்திருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: விண்டோஸில் இருக்கும்போது லட்சக்கணக்கான வர்ணங்களைத் தாராளமாகக் காட்டுகிற இதே கம்ப்யூட்டர், நம்முடைய புரோகிராமுக்கு மட்டும் ஏன் பதினாறே வர்ணங்களை அளந்து கொடுக்கிறது? கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த விடை, "அது அப்படித்தான், லேப் ரெக்கார்டை முடி" என்பதாகத்தான் இருந்திருக்கும். உண்மையில் அந்தப் பதினாறுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்பதே இந்தப் பதிவின் நோக்கம்.

டர்போ சி-யின் விஜிஏ டிரைவர் வழக்கமாகத் திறந்து கொடுக்கும் திரை, அகலவாட்டில் 640 புள்ளிகளும் உயரவாட்டில் 480 புள்ளிகளும் கொண்டது. ஆக மொத்தம் 3,07,200 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு ஒரு முழு பைட் ஒதுக்கி 256 வர்ணங்களை வேண்டினால், அத்தனை பைட்டும் கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகத்தில் இடம் பெற்றாக வேண்டும். ஆனால் 1987-இல் ஐபிஎம் தன்னுடைய பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு வெளியிட்ட விஜிஏ-வின் நினைவகமோ 256 கிலோபைட், அதாவது 2,62,144 பைட். 45,056 பைட் பற்றாக்குறை. அப்படியானால் புள்ளிக்கு ஐந்து பிட், ஆறு பிட் என்று வைத்துக்கொண்டு 32 அல்லது 64 வர்ணங்களையாவது காட்டியிருக்கலாமே என்று கூர்மதியுடைய வாசகர் கேட்கலாம். கூட்டல் கணக்கில் அதற்கு இடமும் இருக்கிறது. எனினும், அந்த நினைவகம் ஒரே நீளமாக அமையாமல், தலா 64 கிலோபைட் கொண்ட நான்கு தளங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிட் தருகிறது. நான்கு தளம், நான்கு பிட், பதினாறு வர்ணம். ஆகையால் அந்த எண்ணிக்கையை நிர்ணயித்தது மென்பொருளை எழுதியவரின் கஞ்சத்தனமன்று, சிலிக்கானின் அமைப்பு.

இந்த விஷயத்தை எண்ணுந்தோறும் எனக்கு உறுதிப்படுகிற அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வர்ணங்களின் சரித்திரத்தை "நான்கு, பதினாறு, இருநூற்றைம்பத்தாறு, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்" என்று எல்லைகள் ஒவ்வொன்றாகத் தகர்ந்துபோன விஜய யாத்திரையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அடிமட்டத்தில் இறங்கிப் புரோகிராம் எழுதிப் பார்த்தவனுக்கோ வேறொன்று புலப்படும்: எல்லை ஒருபோதும் ஒழிவதில்லை, அது வசிக்கும் இடம் மாறுகிறது. ஒரு காலத்தில் வயரில் இருந்தது, பிறகு நினைவகத்துக்குப் போயிற்று, பிறகு ஒரு சிறு சிப்புக்குள் புகுந்தது, கடைசியில் நம்முடைய கண்ணுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

வயரிலிருந்தே தொடங்குவோம். 1981-இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதனோடு வந்த வர்ண கார்டுக்கு சிஜிஏ என்று பெயர். அதிலிருந்து மானிட்டருக்குச் செல்லும் கேபிளில் நிறத்தைச் சுமந்து சென்றவை நான்கே கம்பிகள்: சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம். ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளை அறியும். ஆகவே, கார்டில் எத்தனை மெகாபைட் நினைவகத்தை அடைத்து வைத்தாலும், அந்தக் கேபிளின் வழியே பதினாறுக்கு மேல் ஒரு வர்ணம்கூடப் போக முடியாது. இந்தப் பதினாறிலும் ஒரு விசித்திரம் உண்டு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து பிரகாசக் கம்பி அணைந்திருந்தால், முறைப்படி வர வேண்டியது மங்கலான மஞ்சள்; பாசி படிந்தாற்போன்ற அந்த நிறம் பார்ப்பதற்கு ரசிக்காது என்று கருதினார்கள் போலும், ஐபிஎம் 5153 மானிட்டருக்குள் ஒரு தனிச் சுற்று அமைத்து, அந்த ஒரே ஒரு சேர்க்கை வரும்போது மட்டும் பச்சையின் அளவைக் குறைத்து, அதைப் பழுப்பாக மாற்றிவிட்டார்கள். டர்போ சி-யின் வர்ணப் பட்டியலில் ஆறாம் எண்ணுக்கு நேரே பிரௌன் என்று எழுதியிருப்பதைக் கண்டவர்கள், அந்தச் சொல்லின் பூர்வோத்தரம் ஒரு மானிட்டரின் வயிற்றுக்குள் இருந்த சில்லறைச் சுற்று என்பதை அறிந்தால் வியப்படைவார்கள்.

வயர் பதினாறை அனுமதித்தபோதிலும், சிஜிஏ-வின் கிராபிக்ஸ் மோடில் கிடைத்தவை நான்கே என்பதற்கு நினைவகமே காரணம். 320-க்கு 200 என்ற திரையில் 64,000 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பிட் வீதம் 16,000 பைட். கார்டில் இருந்ததோ 16,384. அந்த நான்கில் பின்னணி நிறத்தை மட்டும் நாம் விரும்பியவாறு தேர்ந்தெடுக்கலாம். மற்ற மூன்றும் பச்சை, சிவப்பு, பழுப்பு என்ற ஒரு கூட்டமாகவோ, சயான், மெஜந்தா, வெள்ளை என்ற மற்றொரு கூட்டமாகவோ வரும். அக்காலத்து விளையாட்டுகளில் வானமும் மனிதனும் மரமும் ஏன் ஒரே ஊதா-நீலச் சாயலில் தோய்ந்து கிடந்தன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

1984-இல் வந்த இஜிஏ, கம்பிகளை ஆறாக்கியது. மூல வர்ணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி, அதாவது நான்கு நிலைகள். நான்கை மும்முறை பெருக்க 64 வர்ணங்கள். அவற்றிலிருந்து எந்தப் பதினாறையும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் சொல்லலாம்; ஆனால் 200 வரித் திரைகளில் அந்தச் சுதந்திரம் செல்லாது. அந்த மோடுகளில் பழைய சிஜிஏ மானிட்டர்களும் வேலை செய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், கார்டு தன் புதுக் கம்பிகளை மறந்து பழைய நான்கு கம்பிக் கணக்கிலேயே பேசும். 64-இல் பொறுக்கும் பாக்கியம் 350 வரித் திரைக்கே வாய்த்தது. புதிய பொருளில் பழைய பொருளின் எல்லையைக் கட்டிச் சுமக்கும் இந்த வழக்கம், கம்ப்யூட்டர் உலகத்தில் பின்னரும் ஓயவில்லை.

விஜிஏ செய்த புரட்சி, மானிட்டர் கேபிளை அனலாக் ஆக்கியதுதான். உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளுக்குப் பதிலாக, மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வாகவே நிறம் பயணம் செய்யத் தொடங்கியதும், வயரில் இருந்த எல்லை ஒரே நாளில் காணாமற்போயிற்று. போன எல்லை எங்கே போயிற்று என்றால், எண்ணை மின்னழுத்தமாக்கும் டிஏசி என்ற சிப்புக்குள் போயிற்று. அந்த டிஏசி மூல வர்ணம் ஒன்றுக்கு ஆறு பிட்டையே அறியும், 64 படிகள், மூன்றையும் பெருக்கினால் 2,62,144 வர்ணங்கள். அவற்றுள் ஒரே சமயத்தில் 256-ஐத் திரையில் காட்டவல்ல மோடுதான், அடிமட்டப் புரோகிராமர்கள் இன்றளவும் வாஞ்சையோடு நினைவுகூரும் 13ஹெச்.

இந்த மோடின் மீது எனக்கும் ஒரு தனிப் பற்று உண்டு. அதன் எளிமை அப்படிப்பட்டது. 320-க்கு 200, புள்ளிக்கு ஒரு பைட், மொத்தம் 64,000 பைட். பழைய இன்டெல் பிராசஸரின் ஒரு செக்மென்ட் 65,536 பைட் ஆகையால், ஏ000 என்ற செக்மென்ட்டுக்குள் திரை முழுவதும் அடங்கி, இன்னும் 1,536 பைட் மீதமிருக்கும். ஒரு புள்ளியின் இடத்தைக் கண்டுபிடிக்க, வரிசை எண்ணை 320-ஆல் பெருக்கிப் பத்தி எண்ணைக் கூட்டினால் போதும். பெருக்கல் மெதுவாக ஓடிய அந்நாட்களில், 320 என்பது 256-ம் 64-ம் சேர்ந்தது என்பதைக் கண்டுகொண்டவர்கள், எண்ணை எட்டு இடம் தள்ளியதையும் ஆறு இடம் தள்ளியதையும் கூட்டிப் பெருக்கலையே தவிர்த்தார்கள்.

ஆனால் அந்த ஒரு பைட்டில் எழுதப்படுவது நிறமே அன்று என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு டோக்கனை வாங்கிச் செல்கிறோம்; டோக்கனில் இருக்கும் எண்ணுக்கும் செருப்பின் நிறத்துக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை; அந்த எண்ணுள்ள தட்டில் எது இருக்கிறதோ அதுவே நம்முடையது. அவ்வாறே, திரையின் பைட்டில் 37 என்று எழுதினால், பேலட் என்ற பட்டியலின் 37-ஆம் தட்டில் எந்த நிறம் வைக்கப்பட்டிருக்கிறதோ அது தோன்றும். தட்டிலுள்ள நிறத்தை மாற்றுவது சுலபம்: 3சி8 என்ற போர்ட்டில் தட்டின் எண்ணை எழுதி, 3சி9 என்ற போர்ட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகளையும் அடுத்தடுத்து எழுதினால் முடிந்தது. மாற்றிய மறுகணமே, திரையில் 37 எழுதியிருக்கும் அத்தனை புள்ளிகளும், ஒன்றையும் தொடாமலே நிறம் மாறிவிடும்.

இந்த ஒரு யுக்தியின் மேல் ஒரு கலையே எழுந்தது. படம் மெல்ல இருண்டு மறைய வேண்டுமா? 64,000 புள்ளிகளையும் திருத்த வேண்டாம். பேலட்டின் 768 எண்களிலும் ஒவ்வொன்றைக் குறைத்துக்கொண்டே போனால், 64 படிகளில் கறுப்பு வந்துவிடும். திரையோ விநாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுவது. ஆக ஒரு விநாடிக்கும் குறைவான காலத்தில் காட்சி அணைந்துவிடும். அருவி விழ வேண்டுமா? எட்டோ பத்தோ நீலங்களைத் தட்டுகளில் அடுக்கி, அவற்றை வட்டமாகச் சுழற்றினால், அசையாத படத்தில் தண்ணீர் ஓடும். எலக்ட்ரான் கதிர் வரைந்துகொண்டிருக்கும்போதே பேலட்டில் கைவைத்தால் சில கார்டுகளில் பொறிகள் சிதறும் என்பதால், 3டிஏ போர்ட்டின் மூன்றாம் பிட்டைப் பார்த்து, கதிர் மேலே திரும்பும் வேளை வந்துவிட்டதா என்று காத்திருக்கும் நாகரிகமும் இதனோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது.

பேலட்டுக்கும் ஒரு கசப்பான பக்கம் உண்டு. அது திரை முழுவதற்கும் ஒன்றே. விண்டோஸ் 3.1 போன்ற ஒரு சூழலில் இரண்டு புரோகிராம்கள் பக்கம்பக்கமாக ஓடும்போது, அந்த 256 தட்டுகளில் இருபதை விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு மீதியை முன்னால் நிற்கும் புரோகிராமுக்குக் கொடுக்கும். பின்னால் இருக்கும் ஜன்னலில் திறந்து வைத்த புகைப்படத்திலுள்ள முகம் திடீரென்று பச்சையும் ஊதாவுமாக விகாரப்பட்டுப்போவதை அந்நாளில் கண்டவர்கள் அநேகர்.

256 என்ற வேலிக்குள் நின்றுகொண்டே என்னவெல்லாம் சாதிக்கலாம் என்பதற்கு, 1993-இல் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்ற விளையாட்டைப்போல் இன்னொரு சாட்சி கிடைப்பது அரிது. அதன் இருள் கவிந்த தாழ்வாரங்களில் தூரம் செல்லச் செல்ல வெளிச்சம் மங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் முப்பது விதமான மங்கலைத் தனித்தனியே வைக்கப் பேலட்டில் இடம் ஏது? ஆகவே முன்கூட்டியே அட்டவணைகள் தயாரித்து வைத்தார்கள்: இந்த வெளிச்சத்தில் இந்த நிறத்துக்குப் பதிலாக, இருக்கும் அதே 256-க்குள் எது மிக நெருக்கமானதோ அதன் எண். அட்டவணை ஒன்றுக்கு 256 பைட். வெளிச்சத்தின் 32 படிகளுக்கு 32 அட்டவணைகள். அவற்றோடு வேறு இரண்டும் சேர்ந்து 34. வரைகின்ற வேளையில் கணக்கே கிடையாது. அட்டவணையைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுவதோடு சரி. இருட்டுக்குள் போகப் போகச் சிவப்பும் பழுப்பும் ஒரே எண்ணில் போய் விழுந்து வித்தியாசம் அழிந்துவிடும் என்பது மெய்தான். ஆனால் இருட்டில் நம் கண்ணுக்கும் நிறபேதம் தெரிவதில்லை ஆகையால், அந்தக் குறையே காட்சிக்கு உண்மைத்தன்மையைச் சேர்த்துவிட்டது. அடிபட்டால் திரை சிவந்து போவதும், பொருள் கிடைத்தால் மஞ்சளாக மின்னுவதும், பேலட்டை மாற்றுகிற வேலையேயன்றி வேறில்லை. அதற்கென்று 14 பேலட்கள் அந்த விளையாட்டில் உண்டு.

இனி, இல்லாத நிறத்தை இருப்பதாகக் காட்டும் மற்றொரு வித்தையைப் பார்ப்போம். ராபர்ட் ஃப்ளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பர்க்கும் 1976-இல் வெளியிட்ட முறை இது. நம்மிடம் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்கள், அதாவது 0-வும் 255-ம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; காட்ட வேண்டியதோ 100 என்ற சாம்பல். அருகில் இருப்பது 0 ஆகையால் கறுப்பை வைக்கிறோம். 100 பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்யாமல், பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு ஏழும், கீழ் வரிசையில் இடப்புறத்துக்கு மூன்றும், நேர் கீழே ஐந்தும், வலப்புறத்துக்கு ஒன்றுமாகப் பகிர்ந்து கொடுக்கிறோம். வலப்பக்கத்துப் புள்ளிக்குச் சேர்வது 43.75, அதுவும் 100 ஆக இருக்க வேண்டியதே என்றால் இப்போது 143.75, அருகில் இருப்பது 255, எனவே வெள்ளை. இம்முறை 111.25 அதிகமாகக் கொடுத்துவிட்டோம். அது கழித்தல் குறியோடு அண்டை அயலாருக்குப் போகிறது. இப்படியே போனால், எந்தப் புள்ளியும் தனித்தனியே சரியாக இல்லாதபோதிலும், சற்று விலகி நின்று பார்க்கிறவனுக்குச் சாம்பல் சரியாகவே இருக்கும். பதினாறால் வகுப்பது நான்கு இடம் வலப்புறம் தள்ளுவதே என்பதால், இதை அசெம்பிளியில் எழுதுவதும் சிரமமில்லை. அசைகின்ற படத்தில் மட்டும் இந்த முறை புழுக்கள் ஊர்வது போன்ற சலனத்தை உண்டாக்கும். அங்கே பாயர் 1973-இல் தந்த நிலையான கட்ட அமைப்பே உத்தமம்.

பேலட் ஒழிந்து, புள்ளியிலேயே நிறத்தை நேராக எழுதும் காலம் வந்தபோது, முதலில் வந்தது பதினாறு பிட். சிவப்புக்கு ஐந்து, பச்சைக்கு ஆறு, நீலத்துக்கு ஐந்து; மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வைப் பச்சையில்தான் மிகுதியாக உணர்கிறது ஆகையால், மிஞ்சிய ஒரு பிட்டைப் பச்சைக்குக் கொடுத்தது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தின் விளைவாகத் தூய சாம்பல் கெட்டுப்போயிற்று: பச்சை 64 படிகளில் ஏற, மற்ற இரண்டும் 32 படிகளில் ஏறுவதால், கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் பட்டையில் ஒரு படி பச்சை சாய்ந்தும் அடுத்த படி ஊதா சாய்ந்தும் நிற்கும். இந்த ஐந்து பிட்டை எட்டாக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். மூன்று இடம் இடப்புறம் தள்ளுவதோடு நிறுத்தினால் 31 என்ற உச்ச அளவு 248 ஆகி, வெள்ளை அழுக்குப் படிந்ததாகிவிடும். அதே ஐந்து பிட்டின் மேல் மூன்று பிட்டை எடுத்துக் காலியிடத்தில் நிரப்பினால்தான் 248-ம் 7-ம் சேர்ந்து 255 என்ற முழு வெள்ளை பிறக்கும்.

பிறகு 24 பிட் வந்தது, 1,67,77,216 வர்ணங்கள், இத்துடன் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் அந்த ஒரு கோடிச் சொச்சத்தில் சாம்பல் என்று சொல்லத்தக்கவை 256-தான் என்பதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? மாலை நேரத்து வானத்தை, 20 என்ற இருளிலிருந்து 60 என்ற இருளுக்கு, 1,920 புள்ளி அகலத்தில் மெதுவாக வெளுக்கச் செய்து பாருங்கள்: கிடைப்பவை நாற்பதே படிகள், ஒவ்வொன்றும் 48 புள்ளி அகலப் பட்டை. எர்ன்ஸ்ட் மாக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரித்தபடி, இரண்டு வெளிச்சங்கள் சேரும் ஓரத்தை நம் பார்வை உள்ளதைவிட மிகைப்படுத்தியே காட்டுகிறது ஆகையால், ஒரே ஒரு எண் வித்தியாசம்கூடக் கோடாகத் துருத்திக்கொண்டு தெரியும். எல்லை இப்போது வயரிலோ நினைவகத்திலோ இல்லை; பார்க்கிறவனுடைய கண்ணில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எட்டு பிட் இந்த மட்டுக்கேனும் போதுமாவதற்கு ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு காரணம். நாம் எழுதும் எண்ணும் திரை உமிழும் ஒளியும் நேர்விகிதத்தில் இல்லை. வழக்கிலுள்ள எஸ்ஆர்ஜிபி முறையில் 128 என்று எழுதினால், முழு ஒளியில் பாதி வராமல், ஏறத்தாழ 22 சதவீதமே வரும். கண் நுட்பமாகப் பார்க்கும் இருட்டுப் பகுதிக்கு அதிகப் படிகளும், அவ்வளவாகக் கவனியாத வெளிச்சப் பகுதிக்குக் குறைந்த படிகளும் ஒதுக்கும் பங்கீடு அது. இதனாலேயே, இரண்டு நிறங்களைக் கலக்கும்போது அவற்றின் எண்களை அப்படியே கூட்டி இரண்டால் வகுப்பது ஒளிக் கணக்குப்படி தவறாகிறது. முதலில் ஒளி அளவுக்கு மாற்றி, அங்கே கலந்து, பிறகு திரும்ப மாற்ற வேண்டும். அந்த இடைக் கணக்குக்கு எட்டு பிட் போதாது.

வானத்துப் பட்டைகளுக்கு இன்று என்ன வைத்தியம் செய்கிறார்கள் என்று பார்த்தால் பழைய மருந்துதான். டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட இன்சைட் என்ற விளையாட்டு முழுக்க முழுக்கப் பனிமூட்டமும் மங்கிய ஒளியும் நிறைந்தது. அதில் பட்டைகள் தெரியாமலிருக்க, எட்டு பிட்டுக்குச் சுருக்குவதற்கு முன் மிகச் சிறிய இரைச்சலை ஒவ்வொரு புள்ளியிலும் தூவினார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்து யுக்தியே, கோடி வர்ணத் திரையிலும் குடியேறிவிட்டது. அன்றியும், மலிவான லேப்டாப் பேனல்கள் பல, மூல வர்ணத்துக்கு ஆறு பிட்டை மட்டுமே உண்மையில் காட்டிவிட்டு, இரண்டு அடுத்தடுத்த படிகளுக்கிடையே வேகமாக மாறி மாறி மினுக்கி, எட்டு பிட் இருப்பதான பிரமையை உண்டாக்குகின்றன. விஜிஏ-வின் அந்த 64 படிகள், வேறு வேஷத்தில் நம் மடியிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னஞ்சிறு டிஎஃப்டி திரையை வாங்கி ஒரு மைக்ரோகன்ட்ரோலரோடு இணைக்கும் மாணவன், அவற்றுள் பலவற்றில் இருக்கும் ஐஎல்ஐ9341 என்ற சிப்பைத் தூண்டியதும், 240-க்கு 320 புள்ளிகளும், அதே ஐந்து-ஆறு-ஐந்து பிட் கணக்கும் அவன் முன்னே வந்து நிற்கும். ஒரு முழுத் திரைக்கு 1,53,600 பைட் வேண்டும்; டர்போ சி-யின் பதினாறு வர்ணத் திரைக்குத் தேவைப்பட்டதும், தற்செயலாக, மிகச்சரியாக இதே 1,53,600-தான். ஆர்டுயினோ யூனோ போர்டின் பழைய வகைகளில் இருப்பதோ 2 கிலோபைட் ரேம். ஆகவே அவன் முழுத் திரையையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. துண்டு துண்டாக வரைவான், அல்லது ரேம் அதிகமுள்ள போர்டுக்கு மாறி, புள்ளிக்கு நான்கு பிட்டும் ஒரு சிறு பேலட்டும் என்று வைத்துக்கொண்டு, அனுப்பும் நேரத்தில் பதினாறு பிட்டாக விரிப்பான். இரண்டில் எதைச் செய்தாலும், முன்னோர் நடந்த பாதையில்தான் நடப்பான்.

அத்தகைய மாணவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். படம் பட்டை பட்டையாகவோ சாயல் மாறியோ தெரிந்தால், உடனே இன்னும் அதிக பிட் உள்ள திரையைத் தேடி ஓடாதீர்கள். எல்லை எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அது நினைவகத்தில் இருந்தால் பேலட் உதவும். சிப்பிலோ வயரிலோ பேனலிலோ இருந்தால் பாக்கியைப் பகிர்ந்துகொடுக்கும் டித்தரிங் உதவும். கலக்கும் கணக்கில் இருந்தால் ஒளி அளவுக்கு மாற்றிக் கணக்கிடுவது உதவும். கண்ணில் இருந்தால் கொஞ்சம் இரைச்சலே போதும். நான்குக்கும் மருந்து வெவ்வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பிட்டுகள் செலவாகுமே தவிரப் படம் தேறாது.